பள்ளிக்கூடத்துக்குள் அரசியல் வேண்டாம் என்கிற அண்ணாவுக்கு

கேள்வி, 2025 ஜூன் 7, காலை (இலங்கை, மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தகப்பன்)

மகன் தரம் 10. மாணவர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று இரண்டு கிழமையாகப் புத்தகத்தைத் தொடவில்லை. வீட்டில் இருந்து போஸ்டர் கீறுகிறான். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? பள்ளிக்கூடத்தின் வேலை படிப்பிப்பது. அரசியல் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அரசியலுக்குப் போன பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்மார் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

2025 ஜூன் 7, இரவு

நிற்க விடுங்கள் அண்ணா.

நான் குடியுரிமைக் கல்வி ஆசிரியை. பதினான்கு வருடம் ஆகிறது. முதல் நியமனம் அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் பக்கம், இப்போது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில். 'பிள்ளைக்கு அரசியல் வேண்டாம் டீச்சர்' என்று யாராவது ஒரு பெற்றோர் சொல்லாத கூட்டத்தை நான் கண்டதில்லை. அதனால் உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இதை யோசியுங்கள். நமக்குப் பதினெட்டு வயதில் வாக்குரிமை. ஏ.எல். (உயர்தரம்) எழுதுகிற பிள்ளைக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. போன வருடம் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 25ஆம் திகதி ஏ.எல். பரீட்சை. தேர்தல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எங்கள் தரம் 13 வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு விரலில் மை இருந்தது. வெள்ளைச் சீருடையோடு இருக்கிற வாக்காளர்கள். முந்தின கிழமை வரை அவர்களுக்கு நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அரசியல் கதைக்காதே, படி.

உங்கள் மகனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் ஒரு தேர்தலில் நின்று பார்க்கட்டும். போஸ்டர் கீறுகிற இரண்டு கிழமையால் ஓ.எல். கெட்டுவிடாது.

2025 ஜூன் 8

ஒரு திருத்தம். நேற்று எழுதியதில் 1931 இலிருந்தே 18 வயது என்று ஒரு வரி போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். டொனமூர் அரசியலமைப்போடு 1931 இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது வயது 21. அதை 18 ஆக்கியது 1959 இல். சுட்டிக்காட்டிய ஓய்வுபெற்ற அதிபர் ஐயாவுக்கு நன்றி. பாடப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் எழுதியது என் பிழை.

2025 ஜூன் 11

'இதெல்லாம் சிவிக்ஸ் பாடத்தில் இருக்கிறதுதானே அக்கா, பிறகு எதற்குத் தேர்தல் விளையாட்டு?' என்று ஆரையம்பதித் தங்கை கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. தரம் 6 முதல் 9 வரை எல்லாருக்கும் இருக்கிறது. தரம் 10 இல் அது தெரிவுப் பாடம். வணிகக் கல்வியோ புவியியலோ எடுத்த பிள்ளைக்குக் குடியுரிமைக் கல்வி பதினான்கு வயதோடு முடிந்தது. வாக்குப் போடுகிற வயதுக்கு நான்கு வருடம் முந்திப் படித்த பாடத்தில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

இதற்குச் சாட்சி நாட்டின் கணக்கிலேயே இருக்கிறது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மூன்று இலட்சமளவு. இரண்டு மாதமும் ஆகவில்லை, நவம்பர் 14 இல் அது ஆறரை இலட்சத்தையும் தாண்டிவிட்டது. அதுவும் வாக்குப் போட வந்தவர்கள் குறைந்த தேர்தலில். ஆட்கள் அதே ஆட்கள், சீட்டுத்தான் வேறு. முதல் தேர்தலில் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று போடலாம். இரண்டாவதில் முதலில் கட்சிக்கு நேரே புள்ளடி (X), பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று பேருக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. மட்டக்களப்பில் ஐந்து ஆசனம், ஆகவே ஒரு கட்சிக்கு எட்டு வேட்பாளர்; திகாமடுல்லவில் (அம்பாறை மாவட்டம்) ஏழு ஆசனம், பத்து வேட்பாளர். கட்சிக்குப் புள்ளடி போடாமல் தனக்குப் பிடித்தவரின் இலக்கத்தில் மட்டும் போட்டால் அந்த வாக்கு செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது.

இதை ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுக்கலாம். நாற்பது நிமிடம் போதும். நான் தரம் 12, 13 பிள்ளைகளைச் சேர்த்து வைத்து, கற்பனைப் பழங்களின் பெயரில் கட்சி எழுதி, சீட்டு அடித்துக் கொடுத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு சீட்டில் பதினொன்று செல்லாது. பிள்ளைகளே எண்ணினார்கள். மாம்பழக் கட்சிக்கும் பாலைப்பழக் கட்சிக்கும் புள்ளடி போட்ட ஒரு பையன், 'டீச்சர், ரெண்டு பேரும் நல்லவங்கதானே' என்றான். வகுப்பே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு வாழ்நாளில் அந்தப் பிழையைச் செய்யமாட்டான்.

2025 ஜூன் 11, பின்னேரம்

எங்கள் பாடசாலைத் தேர்தலுக்கு வாக்குப் பெட்டி எப்படிச் செய்தோம் என்று கேட்டவருக்கு: பெரிய பிஸ்கட் தகரம் ஒன்று. மூடியில் உளியால் துவாரம் வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க இன்சுலேசன் டேப் ஒட்டினோம். வாக்களிப்புக்கு முன்னால் பெட்டியைத் திறந்து கவிழ்த்து எல்லாருக்கும் காட்டவேண்டும், இது முக்கியம். பிறகு நூலால் கட்டி, மெழுகுதிரி உருக்கி முடிச்சில் ஊற்றி, போட்டியிடுகிற பிள்ளைகள் அந்த மெழுகில் பெருவிரல் வைக்கவேண்டும். சூட்டுக்கு 'ஊ' என்று கத்திக்கொண்டே வைத்தார்கள். மைக்கு மார்க்கர். தரம் 6 பிள்ளை ஒன்று மை அழிந்துவிடும் என்று மதியச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டதாகத் தாய் வந்து சொன்னார்.

எண்ணுவது கரும்பலகையில், எல்லாரும் பார்க்க. நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. பூட்டிய அறைக்குள் எண்ணிவிட்டு முடிவை மட்டும் காலைப் பிரார்த்தனையில் வாசிக்காதீர்கள். அப்படிச் செய்வதைவிடத் தேர்தலே வைக்காமல் இருப்பது நல்லது. வாக்கை எண்ணுகிறவன் நினைத்தபடிதான் முடிவு வரும் என்ற நினைப்பு பதின்மூன்று வயதில் மனதில் ஏறினால், அதை இறக்க என்னால் முடியாது.

2025 ஜூன் 15

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். தேர்தல் நடத்தினால் எல்லாம் சரி என்பதுபோல மேலே எழுதிவிட்டேன். அது சரியில்லை. நான் முன்பு இருந்த ஒரு பாடசாலையில் நடந்தது இது. பெயர் சொல்லமாட்டேன்.

தேர்தல் ஒழுங்காக நடந்தது. சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் எல்லாம் தெரிவு. சுகாதார அமைச்சராகத் தரம் 11 மாணவி ஒருத்தி வந்தாள். முதல் அமர்வு. ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை கேட்டார்கள், நூலகத்துக்குப் புத்தகம் கேட்டார்கள். அவள் எழும்பி, எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்து வாசித்தாள். 'பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் நான்கு கதவு இருக்கிறது. மூன்றுக்குக் கொழுக்கி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கவேண்டும். அதனால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம்.'

மண்டபம் அமைதியாகிவிட்டது. பையன்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

கூட்டக் குறிப்பு எழுதியது நான். அமர்வு முடிந்ததும் நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், குறிப்புப் புத்தகத்தைக் கேட்பார்கள், இப்படி எழுதினால் பாடசாலைக்குத்தானே கெட்ட பெயர் என்றார். நான் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினேன். 'சுகாதார வசதிகள் குறித்துக் கலந்துரையாடப்பட்டது.' நல்ல தமிழ், அழகான கையெழுத்து.

அன்று காலைதான், மூன்றாம் பாடவேளையில், சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையைப் படிப்பித்திருந்தேன். தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்புக் கொடுக்கவேண்டும். இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தியது 1991 இல். வருடத்தைச் சிவப்புச் சோக்கால் எழுதி அடிக்கோடும் போட்டேன். பின்னேரம் அதே கையால் பக்கத்தை மாற்றினேன்.

அடுத்த அமர்வில் முந்திய குறிப்பை வாசிக்கவேண்டும். வாசித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் எழும்பிக் கதைக்கவே இல்லை.

2025 ஜூன் 16

நிறையப் பேர் அதிபரைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். அதிபர் என்று நான் எழுதவில்லை, யாரையும் ஊகிக்கவேண்டாம். பேனா என் கையில்தான் இருந்தது.

கொழுக்கி? மூன்று கொழுக்கியையும் கடையில் வாங்கிக் காவலாளி அண்ணனைக் கொண்டு பொருத்தினோம். ஆசிரியைகள் நான்கு பேர் காசு போட்டோம். ஒரு மணித்தியால வேலை. ஆனால் அது அவளுடைய பிரேரணையால் வந்தது என்று எங்கும் பதிவில்லை. யாரோ இரக்கப்பட்டுச் செய்ததுபோல ஆகிவிட்டது. கேட்டதால் கிடைத்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதைத் தெரியவிடாமல் செய்தது கொழுக்கி இல்லாததைவிடப் பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது என் பொறுப்பில் உள்ள குறிப்புப் புத்தகத்தில் நான்கு நிரல் போட்டிருக்கிறேன்: கேட்டது, கேட்டவர், பாடசாலை சொன்ன பதில், பதில் வந்த திகதி. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுவோம், ஏன் என்றும் எழுதுவோம். பிள்ளைகள் 'முடியாது' என்பதை நன்றாகவே தாங்குகிறார்கள். பதிலே வராததைத்தான் தாங்கமாட்டார்கள்.

2025 ஜூன் 21

அடையாள அட்டை பற்றிக் கேட்ட அக்கரைப்பற்றுச் சகோதரிக்கு. ஆம், பதினைந்து வயதிலேயே எடுக்கவேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு விண்ணப்பத்தை அதிபர் அத்தாட்சிப்படுத்துவார், விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தர்) போகத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேண்டும். குடியுரிமை என்றால் நாங்கள் உரிமைகளையும் கடமைகளையும் பட்டியல் போட்டுப் பாடமாக்க விடுகிறோம். ஒரு பிள்ளை இந்த நாட்டின் குடிமகன் என்பதற்கு முதல் காகிதமே பாடசாலை வழியாகத்தான் போகிறது, அதைக் கந்தோர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனதை வரலாற்றில் படிப்பிக்கிறோம். வம்சாவளியைக் காட்டக் காகிதம் கேட்டார்கள், எத்தனையோ பேரிடம் அது இருக்கவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 வரைக்கும் இழுபட்டது. அந்தப் பாடத்தைப் படிக்கிற வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை இருப்பான்.

நான் கண்டேன். 2012, திருக்கோவில் பக்கம். வகுப்பில் ஐந்து பேர் விண்ணப்பம் தரவில்லை. மறதி என்று நினைத்து ஏசினேன். ஒருவன் கடைசியில் வந்து, 'டீச்சர், அது கடலோட போயிட்டு' என்றான். 2004 டிசம்பர் 26, சுனாமி. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். அவனுடைய தாயும் அந்தத் தண்ணீரில்தான் போனார். எட்டு வயதில் நடந்ததை அதுவரை அவனிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் பிறந்தது வேறு பிரதேசத்தில், எந்த ஆஸ்பத்திரி என்று அம்மம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. மூன்று தடவை பிரதேச செயலகத்துக்குப் போனோம். மூன்றாவது தடவை பதிவு கிடைத்தது. தாயின் பெயர் அதில் எழுத்துப் பிழையோடு இருந்தது. திருத்தவேண்டும் என்று உத்தியோகத்தர் சொன்னார். அவன் விரலை அந்தப் பெயரின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. தரம் 9 இலேயே வகுப்பாசிரியர்கள் கேட்டுப் பார்த்துவிடவேண்டும். தரம் 11 இல் பரீட்சைக்கு முதல் மாதம் ஓடினால் முடியாது.

பிறப்புச் சான்றிதழ் சின்ன விடயம் இல்லை என்பதற்கு இந்த வருடம் மே 6 உள்ளூராட்சித் தேர்தலே போதும். வேட்பாளர் பட்டியலில் இளைஞருக்கு 25 வீதம் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் இளைஞர் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதி சரியாக இல்லை என்று பல வேட்புமனுக்கள் தள்ளப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை போனது.

2025 ஜூன் 29

நேற்று ஒரு சந்தோசமான நாள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

செங்கலடியும் ஏறாவூரும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள். ஒன்று தமிழ்ப் பிள்ளைகள், மற்றது முஸ்லிம் பிள்ளைகள். ஒரே வீதி, ஒரே பஸ், ஒரே பாடப் புத்தகம், ஒரே மொழி. ஆனால் பாடசாலைகள் வேறு, ஏ.எல். முடியும் வரை ஒருவரோடு ஒருவர் கதைக்க வழியே இல்லை. கல்முனையிலும் இதேதான், அங்கே இன்னும் கிட்ட. இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர் பாராளுமன்றப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஒரு மேசையில் இருத்த, ஆசிரியர்கள் மூன்று பேர் நான்கு மாதம் அலைந்தோம்.

முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு முஸ்லிம் பிள்ளை, 'உங்களுக்கு சீசன் டிக்கட் எண்டா பஸ் நிக்குமா?' என்று கேட்டாள். அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கிவிட்டார்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த நடத்துநர் கையைக் காட்டிவிட்டுப் போவார் என்று இரண்டு பக்கத்திலும் ஒரே கதை. இவர்கள் இவ்வளவு நாளும் தங்களை மட்டும்தான் பஸ்காரர் ஏற்றாமல் போகிறார்கள் என்று நினைத்திருந்தார்கள், அவர்களும் அப்படியேதான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி நான் சொன்னேன். பிரஜை எவரும் கேட்கலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அதிகாரி பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். காலையில் பாடசாலை நேரத்துக்கு எத்தனை பஸ், எந்தத் தரிப்பிடத்தில் நிற்க உத்தரவு, என்று இரண்டே கேள்வி எழுதினார்கள். எழுத்துப் பிழை பார்த்தது செங்கலடிப் பையன், வாசித்துக் காட்டியது ஏறாவூர்ப் பிள்ளை. பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள், அதில் ஒருவன் வாழ்க்கையில் முதல் தடவை கையெழுத்து வைக்கிறான், நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தான். நாளைக்குத் தபாலில் போடுகிறோம்.

2025 ஜூலை 6

களுவாஞ்சிகுடி அண்ணா தனியே எழுதியிருந்தார். அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவருடைய மூத்த அண்ணன் ஏ.எல். படிக்கும்போது பாடசாலையில் நன்றாகப் பேசுவாராம். 1990 இல் ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர். இன்று வரை இல்லை. தாய் இன்னும் இருக்கிறார். பேரன் போஸ்டர் கீறுவதைக் கண்டதும் அவர் அடுப்படிக்குள் போய் அழுதாராம்.

முதல் நாள் நான் 'நிற்க விடுங்கள் அண்ணா' என்று ஒற்றை வரியில் எழுதியது அவசரம். எனக்கும் 1990 இல் எட்டு வயது. அகதி முகாமாக மாறிய ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். பிறகு பாடசாலை திறந்தபோது அம்மா ஒவ்வொரு நாளும் படலையில் நின்று சொன்னது, 'வாயை மூடிக்கொண்டு போ, வாயை மூடிக்கொண்டு வா.' அம்மா பிழையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தது. அரசியல் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் ஒரே ஒரு அர்த்தம் இருந்தது, பிள்ளை திரும்பி வராது.

அந்தப் பயத்தைப் பகிடி பண்ணவோ, பழைய கதை என்று தள்ளவோ எனக்கு உரிமை இல்லை. ஆனால் அண்ணா, கதைக்க ஒரு இடம் இல்லாமல் போனதால்தானே அன்றைக்குப் பிள்ளைகள் போனார்கள்? எல்லாரும் அப்படித்தான் போனார்கள் என்று சொல்லவில்லை, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் இருந்தார்கள். என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனாலும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மனத்தாங்கலைச் சொல்ல, எதிர்த்துப் பேச, தோற்றுப்போய் மறுநாளும் அதே வாங்கில் வந்திருக்கப் பாடசாலையைவிடப் பாதுகாப்பான இடம் எது? அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அவர் சொல்வதையும் மகன் கேட்கட்டும், கேட்டுவிட்டு அவனே முடிவெடுக்கட்டும்.

2025 ஜூலை 13

கேட்டவர்களுக்கு: தகவல் கடிதத்துக்குக் கிடைத்ததாக அறிவித்தல் வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் நாட்காட்டியில் வேலை நாட்களை எண்ணுகிறார்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையைக் கழிக்கவேண்டுமா என்று ஒரு சண்டையும் நடந்து முடிந்தது. கழிக்கவேண்டும்.

2025 ஜூலை 19

அண்ணாவின் மகன் தோற்றுவிட்டான், ஆறு வாக்கு. மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டானாம். பொறுப்பாசிரியர் மறுக்காமல் எல்லார் முன்னாலும் எண்ணினார், இரண்டாவது தடவை ஏழு வாக்கு வித்தியாசம். அவனே போய் வென்ற பிள்ளைக்குக் கை கொடுத்தானாம். அப்பம்மா தேர்தலன்று காலையில் அவனுக்குத் திருநீறு பூசி அனுப்பியிருக்கிறார். அண்ணா எழுதியதில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

இன்னொரு செய்தி. கொழுக்கி கேட்ட மாணவி போன கிழமை என் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்கத்தான் வந்தாளாம். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். இருந்தது. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குறிப்புப் புத்தகத்தின் கதையை நானே எடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். 'எனக்கு அண்டைக்கே தெரியும் டீச்சர், உங்கட கையெழுத்து' என்றாள். பிறகு, தான் எழுதி வாசித்த தாள் இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.